வேட்டையன்: இரண்டாவது தடவை ஏன் யாரும் கை தட்டவில்லை?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ரஜினி ரசிகன். அதனால் தலைவர் படத்தைக் குறை சொல்லத்தான் இதை எழுதுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ‘வேட்டையன்’ பார்க்காதவர்கள், கதை தெரிந்துவிடுமே என்று பயந்தால், இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம். பார்த்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

படம் 2024 அக்டோபர் 10 அன்று வந்தது. ‘ஜெய் பீம்’ எடுத்த த.செ.ஞானவேல் இயக்கம், அனிருத் இசை. 1991-இல் வந்த ‘ஹம்’ என்ற இந்திப் படத்துக்குப் பிறகு, 33 வருடம் கழித்து ரஜினியும் அமிதாப் பச்சனும் சேர்ந்து நடித்தது இதில்தான். விடுதியிலிருந்து 11 பேர் கிளம்பிப் போனோம். என்ன சத்தம், என்ன விசில்! மறுநாள் தொண்டை கட்டி வகுப்பில் ‘உள்ளேன்’ சொல்லக்கூடக் குரல் வரவில்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரஜினி நடித்த அதியன், என்கவுண்டருக்குப் பேர் போன போலீஸ் அதிகாரி. நேர்மையான அரசுப் பள்ளி ஆசிரியை சரண்யா கொடூரமாகக் கொல்லப்படுகிறார். கொலைகாரனை உடனே தண்டிக்கச் சொல்லி ஊரே கொதிக்கிறது. குணா என்ற இளைஞன் மேல் சந்தேகம் விழுகிறது. அதியன் அவனைச் சுட்டுக் கொல்கிறார். பிறகு அமிதாப் நடித்த நீதிபதி சத்யதேவ் விசாரிக்க வருகிறார். குணா நிரபராதி என்று தெரிய வருகிறது. தான் செய்தது கொலை என்று உணர்ந்த அதியன், உண்மையான குற்றவாளியைத் தேடிப் போகிறார்.

குணாவைச் சுடும் காட்சியில் தியேட்டர் அதிர்ந்தது. நானும் எழுந்து நின்று கத்தினேன். எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது.

போன சனிக்கிழமை இரவு, மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்த எங்கள் அறையில் ஒரு லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து அதே படத்தை மறுபடியும் பார்த்தோம். அன்று தியேட்டருக்கு வந்தவர்களில் ஆறு பேர் இருந்தோம். அறிமுகக் காட்சிக்கு அதே கூச்சல். ‘மனசிலாயோ’ பாட்டுக்கு ஒருவன் கட்டில் மேல் ஏறி ஆடினான். குணாவைச் சுடும் காட்சி வந்தது. ஒருவரும் கை தட்டவில்லை. சிப்ஸ் பாக்கெட்டுக்குள் போன கை கூட அப்படியே நின்றது. படமும் அதுதான், இசையும் அதுதான், ஆட்களும் அதே ஆட்கள். ஒரே வித்தியாசம், இந்தத் தடவை அவன் நிரபராதி என்று எங்களுக்கு முன்பே தெரியும்.

படம் முடிந்ததும் வழக்கம்போல் விவாதம் ஆரம்பித்தது. ஆளுக்கொரு கருத்து.

“முதல் பாதி சூப்பர் மச்சி, செகண்ட் ஹாஃப்தான் இழுவை” என்றான் ஒருவன். படம் வந்தபோதே பலர் சொன்னதுதான் இது. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. என்கவுண்டர் சரியா என்ற ஒரு கேள்வியே மூன்று படத்துக்குத் தாங்கும். அதோடு பயிற்சி நிறுவன மோசடி, கல்வி வியாபாரம் என்று அடுக்கிக்கொண்டே போனால் எதைப் பிடிப்பது, எதை விடுவது? ராணா நடித்த வில்லனும் மனதில் தங்கவில்லை. ஆனால் எனக்கென்னவோ ‘இழுவை’ என்பதற்குப் பின்னால் இன்னொரு காரணமும் இருப்பதாகத் தோன்றுகிறது. முதல் பாதியில் நாம் அடித்த விசிலை, இரண்டாம் பாதியில் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்கிறது படம். காசு கொடுத்து வந்தவனுக்கு அது எப்படிப் பிடிக்கும்?

இன்னொருவன், “தலைவர் படத்துல தலைவரே தப்பு பண்ணலாமாடா?” என்று வருத்தப்பட்டான். சிரிக்காதீர்கள், முக்கியமான கருத்து இதுதான். 2020 பொங்கலுக்கு வந்த ‘தர்பார்’ நினைவிருக்கிறதா? அதில் மும்பை போலீஸ் கமிஷனரான ரஜினி வரிசையாகச் சுட்டுத் தள்ளுவார். விசாரிக்க வரும் மனித உரிமை ஆணையத்தையே துப்பாக்கி காட்டி மிரட்டுவார். அதற்கும் கை தட்டினோம். நான்கே வருடத்தில் அதே ரஜினி, மனித உரிமை பேசும் ஒரு நீதிபதிக்குப் பதில் சொல்ல முடியாமல் தலை குனிந்து நிற்கிறார். இந்த வேடத்தை ஒத்துக்கொண்டதற்கே அவருக்கு ஒரு சல்யூட் வைக்கலாம்.

மூன்றாவது கருத்து என் அம்மாவுடையது. மறுநாள் போனில் பேசும்போது படத்தைப் பற்றிக் கேட்டேன். “அந்தப் பையனைச் சுட்டது தப்புதான்டா. ஆனா அந்த டீச்சர் பொண்ணுக்கு யாரு பதில் சொல்லுவா? கேஸு நடந்துக்கிட்டே இருக்கும், பெத்தவ செத்தே போயிடுவா” என்றார். இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. என்கவுண்டரை ஆதரிக்கிற எல்லோரும் ரத்த வெறி பிடித்தவர்கள் அல்ல. நீதிமன்றம் வருடக்கணக்கில் இழுக்கும் என்ற பயத்தில்தான் பலர் துப்பாக்கியை நம்புகிறார்கள்.

ஆனால் துப்பாக்கி வேகமாகத் தருவது நீதியைத்தானா? ஹைதராபாத்தில் நடந்ததைப் பாருங்கள். 2019 நவம்பரில் ஒரு இளம் கால்நடை மருத்துவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். நாடே கொதித்தது. டிசம்பர் 6 அதிகாலை, கைதான நான்கு பேரையும் போலீஸ் சுட்டுக் கொன்றது. மக்கள் போலீஸ் மேல் பூ தூவினார்கள், பட்டாசு வெடித்தார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022 மே மாதம் வெளியானது. நால்வரையும் கொல்லும் நோக்கத்தோடே சுட்டார்கள் என்றது அது. அவர்களில் மூன்று பேருக்கு 18 வயது நிரம்பவில்லை என்றும் சொன்னது. அவர்கள்தான் குற்றவாளிகளா? இனி எந்த நீதிமன்றமும் அதை அவர்கள் முன்னால் விசாரித்துச் சொல்ல முடியாது. அம்மா கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். வழக்கு இழுத்தால் நீதி தாமதமாகும், அதைக் கேட்டுப் போராடவாவது முடியும். என்கவுண்டரில் அந்தக் கேள்வியே ஆளோடு சேர்ந்து செத்துப்போகிறது.

2014-இல் உச்ச நீதிமன்றம் என்கவுண்டர் மரணங்களுக்கு 16 வழிமுறைகள் வகுத்தது. முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். சி.ஐ.டி.யோ வேறு காவல் நிலையத்தின் குழுவோ தனியாக விசாரிக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணையும் வேண்டும். சம்பவம் நடந்த கையோடு வீர விருதோ பதவி உயர்வோ தரக்கூடாது. நம் போலீஸ் படங்களில் இதையெல்லாம் எங்கே பார்த்திருக்கிறோம்? குண்டு பாய்ந்ததும் ஸ்லோமோஷனில் ஹீரோ நடந்து வருவார், அடுத்தது பாட்டு. ‘சாமி’, ‘காக்க காக்க’ இரண்டும் 2003-இல் வந்தவை. இரண்டிலும் ஹீரோ போலீஸ் சட்டத்தைத் தாண்டிக் கொன்றபோது ரசித்த தலைமுறையின் பிள்ளைகள் நாங்கள்.

அந்த ‘சாமி’யையும் ‘சிங்க’ங்களையும் எடுத்த ஹரியே, 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் பிடியில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்த பிறகு, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை விட்டார். எடுத்தவர் வருத்தப்பட்டார். பார்த்த நாம்?

‘வேட்டையன்’ மேல் எனக்கும் ஒரு குறை உண்டு. குணா நிரபராதி என்பதால்தான் நமக்கு வலிக்கிறது. அவன் உண்மையிலேயே கொலைகாரனாக இருந்திருந்தால்? எங்கள் அறையில் இரண்டாம் தடவையும் விசில் பறந்திருக்கும். சத்யதேவ் கொள்கையாகப் பேசுகிறார்தான், ஆனால் படம் பார்ப்பவனை உலுக்குவது அவர் பேச்சு இல்லை, ஆள் மாறிப்போன அதிர்ச்சி. ‘தப்பான ஆளைச் சுட்டுவிட்டோம்’ என்பது வேறு, ‘யாரையும் இப்படிச் சுடக்கூடாது’ என்பது வேறு. படம் இரண்டாவதைச் சொல்ல நினைத்து, முதலாவதில் நின்றுவிட்டது என்பது என் கருத்து.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியனா? அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வருடம் படிக்கும்போது விடுதியில் ஒருவனின் 4,000 ரூபாய் காணாமல் போனது. அன்று வகுப்புக்கு வராமல் அறையில் இருந்தவன் ஒரு ஜூனியர். போதாதா? பத்துப் பேர் சூழ்ந்து அவன் பெட்டியைத் தரையில் கொட்டினோம். அவன் அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பாவைக் கூடத் திறந்து கவிழ்த்தோம். கொட்டியவர்களில் நானும் ஒருவன். மூன்றாம் நாள் சலவைக்குப் போன பேண்ட்டின் பாக்கெட்டிலிருந்து பணம் வந்து சேர்ந்தது. அதற்குள் அவன் விடுதியைக் காலி செய்துவிட்டு வெளியே அறை எடுத்துப் போய்விட்டான். எங்கள் கையில் துப்பாக்கி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவன் இன்னும் இதே கல்லூரியில்தான் படிக்கிறான். கேன்டீனில் பார்த்தால் நான்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். அதியன் செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்க குணா உயிரோடு இல்லை. எனக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. நாளைக்கே போய்ப் பேசப்போகிறேன்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் காட்சியில் நீங்களும் கை தட்டினீர்களா? மறைக்காமல் சொல்லுங்கள்.