விற்காமல் போகும் இரவுகளைப் பற்றி ஒரு படிப்பு

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் வீடுகளில் நடக்கும் பேச்சில் பொறியியல், மருத்துவம், வணிகவியல் எல்லாம் வந்துபோன பிறகு கடைசியாக ஒரு பெயர் வரும்: கேட்டரிங். ஓட்டல் மேலாண்மை, விருந்தோம்பல், சுற்றுலா என்று கல்லூரிகள் நடத்தும் பட்டப்படிப்புகள் எல்லாவற்றுக்கும் நம் ஊரில் இந்த ஒரு பெயர்தான். நான் அந்தப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். உறவினர்கள் என்னிடம் கேட்பவை இரண்டு கேள்விகள். சமையல் கற்றுக்கொள்ள மூன்று வருடமா? படித்தால் வேலை கிடைக்குமா? இரண்டும் நியாயமானவை. ஆனால் பதில் சொல்ல, இன்னொரு கேள்வியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. ஓட்டல் எதை விற்கிறது?

ஓட்டலில் விலைக்கு வருவது, ஓர் அறையில் தங்கும் ஓர் இரவு. நூறு அறைகள் கொண்ட ஓட்டலுக்கு ஒரு நாளில் விற்க நூறு இரவுகள் உண்டு. அவற்றில் முப்பது விற்காமல் போனால், மறுநாள் நூற்று முப்பது இரவுகளை விற்க முடியாது. பூக்கடையில் மிஞ்சிய மல்லிகையை மறுநாள் காலை பாதி விலைக்காவது தள்ளிவிடலாம். நேற்றைய இரவுக்கு அந்த வழியும் இல்லை. விமான இருக்கை, சுற்றுலாப் பேருந்தின் ஜன்னலோர இடம், உணவகத்தின் மதிய நேரத்து மேசை எல்லாம் இதே வகை. பாடப்புத்தகங்கள் இதை அழியும் தன்மை என்கின்றன. அதாவது, உரிய நேரத்துக்குள் விற்காத சரக்கு இல்லாமலே போய்விடும். எங்கள் பாடங்களில் பெரும்பகுதியும், பிறகு வரும் வேலையின் நேரமும் விடுமுறையும், இந்த ஒரு தன்மையிலிருந்து கிளைப்பவை.

படிப்பில் முதன்மையான துறைகள் நான்கு: உணவுத் தயாரிப்பு, பரிமாறல், முன் அலுவலகம், அறைப் பராமரிப்பு. மாணவர்கள் பேச்சில் இவை கிச்சன், சர்வீஸ், ஃபிரண்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங். முன் அலுவலகத்திலிருந்து தொடங்கலாம்.

வந்தவரை வரவேற்றுச் சாவி கொடுப்பது வெளியே தெரியும் வேலை. அதற்குப் பின்னால் ஒரு கணக்கு ஓடுகிறது. மொத்த அறைகளில் எத்தனை சதவீதம் விற்றது என்பது நிரப்பு விகிதம். விற்ற அறைகளின் மொத்த வருவாயை அவற்றின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது சராசரிக் கட்டணம். அதே வருவாயை, விற்றது விற்காதது என்று பாராமல் எல்லா அறைகளின் எண்ணிக்கையாலும் வகுத்தால் வருவது ரெவ்பார். ஓர் எடுத்துக்காட்டு: நூறு அறை ஓட்டலில் ஒரு நாள் 70 அறைகள் 4,000 ரூபாய்க்கு விற்கின்றன. வருவாய் 2,80,000 ரூபாய், ரெவ்பார் 2,800. மறுநாள் கட்டணத்தை 3,000 ரூபாயாகக் குறைத்ததால் 90 அறைகள் விற்கின்றன. வருவாய் 2,70,000, ரெவ்பார் 2,700. இரண்டாம் நாள் ஓட்டல் நிரம்பியதுபோல் தெரிகிறது. ஆனால் வருவாய் குறைவு. கூடுதலாக இருபது அறைகளுக்கு மின்சாரம், சலவை, காலை உணவுச் செலவும் ஆகியிருக்கும். நிரம்பிய ஓட்டல் எல்லா நாளும் லாபமான ஓட்டல் ஆகாது என்பது முதல் பாடம்.

இரண்டாம் பாடம், ஒரே அறைக்கு ஏன் வெவ்வேறு நாளில் வெவ்வேறு கட்டணம் என்பது. திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவு கிரிவலத்துக்கு வருபவர்கள் அறை தேடி அலைவார்கள். இரண்டு நாள் கழித்து அதே தெருவில் அறைகள் காலியாகக் கிடக்கும். அறைகளின் எண்ணிக்கையைப் பௌர்ணமிக்கு மட்டும் கூட்ட முடியாது. மாற்றக்கூடியது விலை ஒன்றுதான். தேவையை முன்கூட்டியே கணித்து விலையை ஏற்றி இறக்கும் இந்த முறைக்கு வருவாய் மேலாண்மை என்று பெயர். அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டுச் சட்டம் விமானக் கட்டணங்கள் மீதான அரசுக் கட்டுப்பாட்டை நீக்கியபின், அங்குள்ள விமான நிறுவனங்கள் இதை வளர்த்தெடுத்தன. ஓட்டல்கள் அவற்றிடமிருந்து கற்றன.

ஃபிரண்ட் ஆபீஸ் விற்ற அறையைக் கையில் கொடுப்பது ஹவுஸ்கீப்பிங். பல ஓட்டல்களில் அறையைக் காலி செய்யும் நேரம் பகல் 12 மணி, புதியவர் நுழையும் நேரம் 2 மணி. இடைப்பட்ட நேரத்தில் படுக்கை விரிப்பு மாற வேண்டும், குளியலறை கழுவப்பட வேண்டும், மேற்பார்வையாளர் வந்து பார்க்க வேண்டும். அவர் அறை தயார் என்று கணினியில் பதிந்த பிறகுதான் வரவேற்பு மேசை அதைக் கொடுக்க முடியும். ஒரு ஷிஃப்டில் ஒருவர் பன்னிரண்டு முதல் பதினாறு அறைகள்வரை பார்ப்பதுண்டு. விரிப்புகளுக்கும் கணக்கு உண்டு. ஒரு செட் படுக்கையில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில் என்று குறைந்தது மூன்று செட் இருந்தால்தான் சக்கரம் நிற்காமல் சுழலும். வீட்டு வேலை என்று பலரும் ஒதுக்கும் இந்தத் துறை தாமதித்தால், விற்ற இரவும் புகாராகத் திரும்பி வரும்.

இனி உறவினர்கள் கேட்கும் சமையல். பிரெஞ்சு சமையல்கலைஞர் எஸ்காஃபியே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் சவாய் ஓட்டலின் சமையலறையைப் பிரிவுகளாகப் பிரித்தார். சாஸுக்கு ஒருவர், இறைச்சி வறுக்க ஒருவர், இனிப்புக்கு ஒருவர். பெரிய ஓட்டல்களின் சமையலறை இன்றும் அந்த அமைப்பில்தான் இயங்குகிறது. முதலாண்டில் மற்ற சாஸ்களுக்கு அடிப்படையான ஐந்து தாய் சாஸ்களும், காய் நறுக்கும் வகைகளும் வருகின்றன. அவற்றோடு இரண்டு கணக்குகளும் வருகின்றன. முதலாவது வெப்பநிலை. 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையே கிருமிகள் வேகமாகப் பெருகும். அதனால் குளிர்ந்த உணவு 5 டிகிரிக்குக் கீழும் சூடான உணவு 60 டிகிரிக்கு மேலும் இருக்க வேண்டும். இரண்டாவது உணவுச் செலவு. 300 ரூபாய்க்கு விற்கும் தட்டில் 90 ரூபாய்க்குப் பொருள் இருந்தால் உணவுச் செலவு 30 சதவீதம். ஒரு கிலோ வெங்காயம் தோல் உரித்தபின் ஒரு கிலோ இருக்காது என்பதும் இந்தக் கணக்கில் சேரும். சுவை தெரிந்தவர் நல்ல சமையல்காரர் ஆகலாம். ஆயிரம் தட்டுகளிலும் ஒரே சுவையை, ஒரே செலவில், யாருக்கும் வயிறு கெடாமல் கொடுப்பது தனியாகப் பயில வேண்டிய திறன்.

மீதமுள்ள துறையான சர்வீஸில் ஒரு சிக்கல் உண்டு. துணிக்கடைக்கு வரும் சட்டையை யார் தைத்தார், எந்த மனநிலையில் தைத்தார் என்பது வாங்குபவருக்குத் தெரியாது. பரிமாறலில் செய்வதும் நுகர்வதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. பரிமாறுபவரின் முகமும் சரக்கின் ஒரு பகுதி ஆகிவிடுகிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்சைல்ட் விமானப் பணிப்பெண்களை ஆய்வு செய்து 1983இல் வெளியிட்ட நூலில் இதை உணர்ச்சி உழைப்பு என்றார். சம்பளத்துக்காகத் தன் உணர்வை அடக்கியோ வரவழைத்தோ காட்டும் உழைப்பு அது. பாத்திரம் தூக்கிய களைப்பு தூங்கினால் தீரும். கத்திய விருந்தினர் முன் எட்டு மணி நேரம் சிரித்த களைப்பு அப்படித் தீர்வதில்லை. செய்முறை வகுப்பில் தட்டை எந்தப் பக்கமிருந்து வைப்பது என்று கற்றுத்தருகிறார்கள். இந்தக் களைப்பைக் கையாள்வதற்கு மதிப்பெண் கிடையாது.

சுற்றுலாப் படிப்பு ஓட்டல் படிப்புக்கு அண்டை வீடு. 1983இல் தொடங்கிய, குவாலியரில் உள்ள இந்தியச் சுற்றுலா மற்றும் பயண மேலாண்மை நிறுவனம் இதற்கென்றே உள்ள மத்திய அரசு நிறுவனம். தமிழகக் கல்லூரிகள் பலவற்றிலும் இந்தப் பட்டம் உண்டு. பயணச்சீட்டுப் பதிவு மென்பொருள், பயணத் திட்டம் வகுத்தல், வழிகாட்டுதல் ஆகியவை இதில் வரும். சென்னைக்கு எம்.ஏ.ஏ., மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம். என்று விமான நிலையக் குறியீடுகளை மனப்பாடம் செய்வதும் வரும். இவற்றுக்கு மேல் ஓர் இடத்தைப் படிப்பது என்ற பாடம் இருக்கிறது. கனடாவில் பணியாற்றிய புவியியலாளர் ரிச்சர்ட் பட்லர் 1980இல் சுற்றுலாத் தலத்தின் வாழ்க்கைச் சுழற்சியை வரைந்தார். சிலர் கண்டறிவார்கள். உள்ளூர்க்காரர்கள் அறை, உணவு கொடுக்கத் தொடங்குவார்கள். பெருநிறுவனங்கள் வரும். கூட்டம் பெருகும். ஒரு கட்டத்தில் தேக்கம் வரும். அதன்பின் சரிவா, புத்துயிரா என்பது அந்த இடத்தை நடத்துபவர்கள் எடுக்கும் முடிவைப் பொறுத்தது.

இந்தப் பாடம் முன் அலுவலகப் பாடத்தோடு மோதுகிறது. அங்கே காலியாகக் கிடக்கும் ஒவ்வோர் அறையும் இழப்பு. இங்கே தாங்குதிறன் என்ற எல்லை வருகிறது. ஓர் இடத்தின் தண்ணீர், சாலை, காடு, குப்பை அகற்றும் வசதி ஆகியவை கெடாமல் எத்தனை பேர் வரலாம் என்பதே தாங்குதிறன். நம் மலைகளில் இது வழக்காகவே வந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான கோடைக்கு, நீலகிரியில் வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றும், கொடைக்கானலில் 4,000, 6,000 என்றும் வரம்பு விதிக்கப்பட்டது. ஊட்டியில் அறை வைத்திருப்பவருக்கு மே மாத இரவுகள்தான் ஆண்டின் விளைச்சல். அதே மாதத்தில்தான் மலைக்குத் தண்ணீர்ச் சுமையும் அதிகம். இரண்டு கணக்குகளும் சரியானவை. அவற்றை ஒன்றாக வைத்துப் பார்ப்பவர்கள் இந்தத் தொழிலுக்கு இனி அதிகம் தேவைப்படுவார்கள்.

சேரும் வழி எளிதானது. மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் 1982இல் அமைந்த ஓட்டல் மேலாண்மைக்கான தேசியக் குழுமத்தோடு இணைந்த கல்லூரிகளுக்கு, என்.சி.எச்.எம். ஜே.இ.இ. என்ற நுழைவுத் தேர்வு உண்டு. சென்னை தரமணியில் இருப்பது அவற்றில் ஒன்று. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரும், ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்தால் எழுதலாம். தனியார் கல்லூரிகளுக்குத் தனித்தனி வழிகள் உள்ளன. எங்கே சேர்ந்தாலும் நடுவில் தொழிற்பயிற்சி வரும். மாணவர்கள் ஐ.டி. என்பது இதைத்தான். பல மாதங்கள் ஓர் ஓட்டலில் துறை துறையாக மாறி வேலை செய்ய வேண்டும். வகுப்பில் படித்த கணக்குகளுக்கு அங்கேதான் உடல் கிடைக்கிறது. இந்தத் துறை வேண்டாம் என்று சிலர் முடிவெடுப்பதும் அங்கேதான்.

காரணம் வேலை நேரம். மக்கள் உண்ணும் நேரத்தை மாற்ற முடியாது. மதியம் வேலை, நடுவில் சில மணி நேர இடைவெளி, மறுபடி இரவு வேலை என்ற பிரேக் ஷிஃப்ட் அதனால் வருகிறது. மற்றவர்களின் விடுமுறைதான் இங்கே விற்பனைக் காலம். தீபாவளி, பொங்கல், புத்தாண்டு இரவு ஆகியவற்றில் விடுப்பு கிடைப்பது அரிது. சம்பளமும் தொடக்கத்தில் குறைவு. சமையலறையில் கமி என்ற கடைநிலையில் சேர்ந்து, ஒரு பிரிவின் பொறுப்பாளராகி, சூ ஷெஃப் என்ற துணைத் தலைவராகி, தலைமை ஷெஃப் ஆக வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஆண்டுகள் ஆகும். பட்டம் படிகளைக் குறைக்காது, ஏறும் வேகத்தைக் கூட்டலாம். மேலாண்மைப் பயிற்சியாளர் தேர்வில் வெல்பவர்களுக்கு மட்டும் சற்று மேலிருந்து தொடங்கும் வழி உண்டு.

வேலை கிடைக்குமா என்பதற்கு இனி பதில் சொல்லலாம். பெரும்பாலும் கிடைக்கும். ஓட்டல் தவிர, விமான உணவுக்கூடம், மருத்துவமனை உணவுப்பிரிவு, அலுவலக வளாகப் பராமரிப்பு, வளைகுடா நாடுகள், மாலத்தீவு, பயணக் கப்பல் என்று இடங்கள் விரிகின்றன. கிடைத்தது நிலைக்குமா என்பது வேறு கேள்வி. 2020இல் உலகப் பன்னாட்டுப் பயணிகள் வருகை ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு குறைந்தது. பூட்டிய ஆலை திறந்ததும் கிடங்கிலுள்ள சரக்கை விற்கலாம். பூட்டிய ஓட்டலின் இரவுகள் போனவைதாம். நெருக்கடி வந்தால் இந்தத் தொழில் முதலில் அடிபடும் என்பதை மறைத்து யாரையும் சேர்க்கக் கூடாது.

எல்லாருக்கும் ஏற்ற படிப்பு என்று இதை நான் சொல்ல மாட்டேன். மனிதர்களோடு பழகுவதில் சலிப்பில்லாத, கணக்குக்கு அஞ்சாத, ஊரோடு சேர்ந்து விடுமுறை எடுக்க முடியாததைத் தாங்கக்கூடியவருக்கு இது நல்ல படிப்பு. வேறு எதற்கும் மதிப்பெண் போதாததால் மட்டும் சேர்பவருக்குக் கடினமான படிப்பு. சேரும் முன் கல்லூரியில் பயிற்சிச் சமையலறையைப் பாருங்கள். தொழிற்பயிற்சிக்கு எந்த ஓட்டல்களுக்கு அனுப்புகிறார்கள், அங்கே உதவித்தொகை உண்டா என்று கேளுங்கள். பிறகு, படித்து முடித்து ஐந்தாறு ஆண்டுகள் வேலையில் இருக்கும் ஒருவரிடம் பேசுங்கள். சம்பளம் என்ன என்பதோடு, போன தீபாவளிக்கு எங்கே இருந்தார் என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.