கூட்டி வந்தால் போதுமா?

ஒயிட்ஃபீல்டு, மாரத்தஹள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஏதாவது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பூங்காவில் மாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து பாருங்கள். பெங்களூருக்கு வேலை தேடி வந்தவர்களைப் போலவே, வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்தவர்களும் ஏராளம் என்பது புரியும். தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் நாற்பது வருடம் குடித்தனம் நடத்தியவர்கள். "இனிமேல் அங்கே தனியாக என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று மகனோ மகளோ அழைத்து வந்திருப்பார்கள். அக்கறையில் குறையில்லை. தனி அறை, வென்னீர், வேளாவேளைக்கு மாத்திரை எல்லாம் உண்டு.

ஆனால் ஊரில் பாங்க் மானேஜரிடம் வாதாடிய மனிதர் இங்கே பால் பாக்கெட் வாங்கக்கூடப் போவதில்லை. செயலியில் வந்துவிடுகிறது. அவரைப் பார்க்கப் பழைய நண்பர் வந்தால் வாசலில் இருக்கும் காவலாளி கேட்பது மகனின் கைபேசியை. மீட்டிங்கில் இருக்கும் மகன் சம்மதித்தால்தான் அப்பாவின் சிநேகிதர் உள்ளே வரலாம். செயலியில் அப்பாவின் எண்ணையும் சேர்க்க இரண்டு நிமிடம் ஆகும். பல வீடுகளில் அது யாருக்கும் தோன்றுவதில்லை.

முதுமையில் நலம் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு அறிக்கையில் தந்த விளக்கத்தில் நோயின்மை முக்கியமல்ல. ஒருவர் தாம் மதிக்கிற காரியங்களைச் செய்ய முடிகிறதா என்பதுதான் அதன் அளவுகோல். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருக்கலாம். தன் துணியைத் தானே மடித்து, தனக்கு வேண்டிய கீரையைத் தானே பேரம் பேசி வாங்குகிற அம்மா நன்றாக இருக்கிறார் என்றே அர்த்தம். "நீங்க உட்காருங்கம்மா, நான் செய்யறேன்" என்று நாள் முழுக்கச் சொல்லும் பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனால் உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை இளைக்கும், தடுமாற்றம் வரும். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசைவலுவுக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது அதே நிறுவனத்தின் 2020 வழிகாட்டி. குளியலறையில் ஒரு கைப்பிடி, வழுக்காத விரிப்பு, இரவில் எரிய ஒரு சின்ன விளக்கு. இடுப்பு எலும்பு முறிந்தபின் ஆகும் செலவை நினைத்தால் இதெல்லாம் காசே அல்ல.

காதையும் கண்ணையும் யாரும் கவனிப்பதில்லை. "வயசாச்சு, காது மந்தம்" என்று விட்டுவிடுகிறோம். மறதி நோய் பற்றி 2024இல் வெளியான லான்செட் குழு அறிக்கை, தவிர்க்கவோ குறைக்கவோ கூடிய 14 காரணங்களைச் சொல்கிறது. கேட்கும் திறன் குறைவது, சிகிச்சை பெறாத பார்வைக் குறைவு, தனிமை மூன்றும் அதில் உண்டு. அயல்மொழி ஊரில் காதும் கேட்காவிட்டால் தனிமை இரட்டிப்பு. காதுக் கருவிக்குத் தயங்கும் வீடுகள் தொலைக்காட்சிப் பெட்டிக்குத் தயங்குவதில்லை.

மொழிக்கு வருவோம். எஷ்டு, பேக்கு, பேடா, நில்லிசி என்று நான்கு கன்னடச் சொல் இருந்தால் காய்கறிக் கடையும் ஆட்டோவும் வசப்படும். பேத்தி பள்ளியில் கன்னடம் படிக்கிறாள். பாட்டிக்கு நல்ல வாத்தியார். 2023 அக்டோபரிலிருந்து ஒயிட்ஃபீல்டிலிருந்து நகரத்தின் நடுவே மேற்கு முனை வரை ஒரே மெட்ரோ ஓடுகிறது. அல்சூரில் இறங்கி ஆட்டோ பிடித்தால் தமிழ்ச் சங்கம். அங்கே நூலகம் உண்டு. முதல் இரண்டு முறை கூடப் போங்கள். மூன்றாம் முறை அப்பா தனியாகப் போகட்டும்.

பெண்களுக்கு 2023 ஜூனில் வந்த சக்தி திட்டத்தின்படி கர்நாடக அரசின் சாதாரணப் பேருந்துகளில் கட்டணம் கிடையாது. ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். ஊர் முகவரியோடு ஆதார் வைத்திருக்கும் அம்மா டிக்கெட் எடுத்தாக வேண்டும். குடும்பத் தலைவரின் ஒப்புதலோடு ஆதார் முகவரியை மாற்றும் வசதி 2023 ஜனவரியில் வந்தது. மாற்றுவதற்கு முன் ஊரில் ரேஷன் அட்டை, முதியோர் உதவித்தொகை எல்லாம் என்னவாகும் என்று விசாரித்துக்கொள்வது புத்திசாலித்தனம். எந்த ஊர்க்காரராக இருக்கப்போகிறோம் என்பதை அம்மாவே தீர்மானிக்கட்டும்.

பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது சந்தோஷம்தான், அது வேலையும்கூட. எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று பேசிக்கொள்ளும் குடும்பங்களில் மனஸ்தாபம் குறைவு.

மனஸ்தாபம் முற்றியவர்களுக்கும் பெங்களூரில் ஓர் இடம் உண்டு. 1998இல் தொடங்கிய நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்ட், நகரக் காவல்துறையோடு சேர்ந்து 2002இல் 1090 என்ற முதியோர் உதவி எண்ணை ஆரம்பித்தது. நாடு முழுவதற்கும் 14567 என்ற எண் பின்னால் வந்தது.

பெரிய மனஸ்தாபங்கள் வீட்டில்தான் ஆரம்பிக்கின்றன. ஊர் வீட்டை விற்றுப் பெங்களூர் ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டுவது இன்று சர்வசாதாரணம். பத்திரம் மகன் பெயரில் இருக்கும். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. பராமரிப்பதாக நிபந்தனை போட்டுத் தரப்பட்ட சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் தீர்ப்பாயம் ரத்து செய்யலாம் என்கிறது அதன் 23ஆம் பிரிவு. கர்நாடகத்தில் உட்கோட்ட உதவி ஆணையரிடம் போக வேண்டும். நிபந்தனையே இல்லாவிட்டால் இந்தப் பிரிவு உதவாது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் சொன்னது. வழக்கறிஞர்கள் வாதாடிக்கொள்ளட்டும். எழுதிக் கொடுப்பவர் பத்திரத்திலேயே நிபந்தனையை எழுதிவிடுவது நல்லது. அதில் மகனுக்கு அவமானம் ஒன்றுமில்லை.

அதைவிட நல்லது, முதல் இரண்டு வருடம் ஊர் வீட்டை விற்காமல் வைத்திருப்பது. பிடிக்காவிட்டால் திரும்பிப் போகலாம் என்று தெரிந்தவர்கள்தான் இங்கே நிம்மதியாக இருக்கிறார்கள். ரயிலில் மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, திரும்ப வரவில்லை. கீழ் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது: ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45. பொங்கலுக்கு டிக்கெட் போடும்போது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் திரும்பி வரும் தேதியை அவர்களிடமே கேளுங்கள்.