ஜீப்புக்கு ஏன் இத்தனை தாகம்?

காலையில் ஒரு குடத்தை நிரப்பி வைக்கிறீர்கள். யாரும் மொண்டு குடிக்கவில்லை. மாலையில் பார்த்தால் நாலு விரற்கடை குறைந்திருக்கிறது. என்ன செய்வீர்கள்? மறுபடியும் நிரப்பிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவீர்களா? மாட்டீர்கள். குடத்தைத் தூக்கி, அடியில் ஈரம் கசிகிறதா என்று தடவிப் பார்ப்பீர்கள்.

இந்தப் புத்தி, வாசலில் நிற்கும் வண்டி விஷயத்தில் மட்டும் நம்மில் பலருக்கு மறந்து போய்விடுகிறது. "ரேடியேட்டரில் தண்ணி குறையுது" என்கிறார் வீட்டுக்காரர். "ஊற்றிக் கொண்டால் போகிறது!" என்று ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டுக் குழந்தை குட்டிகளுடன் கிளம்பிவிடுகிறோம். ரேடியேட்டரில் இருப்பது பெட்ரோலைப் போல் எரிந்து செலவாகும் வஸ்து அல்ல. மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து, என்ஜினின் சூட்டை வாங்கி வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை. வருஷத்துக்கு ஒரு விரற்கடை குறைந்தால் பாதகமில்லை. வாரா வாரம் குறைந்தால், எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

திண்டுக்கல் பக்கத்தில் வசிப்பவர்களுக்கு இது ரொம்பவும் முக்கியமான சங்கதி. சமவெளியில் வண்டி நன்றாகத்தான் ஓடும். ஆனால் நத்தம் சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினால் சிறுமலை. அதற்கு 18 கொண்டை ஊசி வளைவுகள். வத்தலக்குண்டு வழியாகப் போனால் 7,000 அடி உயரத்தில் கொடைக்கானல். மலைத் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் ஜீப்பைத்தான் நம்பியிருக்கிறார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கப் பட்டாளத்துக்காகப் பிறந்த வண்டி அது. 1940-களின் கடைசியில் மஹிந்திரா கம்பெனியார் அதை இந்தியாவில் பூட்டிக் கொடுக்கத் தொடங்கினார்கள். இன்று பொலேரோ, தார் என்று அதன் பிள்ளைகளும் பேரன்களும் மலையேறுகிறார்கள். ஜீப்பும் போக முடியாத தடங்களில் சிறுமலைக்காரர்கள் குதிரையின் முதுகில் மூட்டை ஏற்றுவது வழக்கம். குதிரைக்குத் தாகம் எடுத்தால் நின்றுவிடும். ஜீப் நிற்காது, என்ஜின் வெந்து போகும் வரை ஓடித் தொலைக்கும்!

கரடுமுரடான பாதையில் போகும் வண்டிக்கு ஒழுக்கும் அதிகமாகத்தான் வரும். குலுக்கலில் குழாய்களின் கிளிப்புகள் தளர்கின்றன. கற்கள் தெறித்து ரேடியேட்டரில் அடிக்கின்றன. அதன் மெல்லிய தகடுகளுக்கு நடுவே சேறு அப்பிக் கொண்டு காற்றை மறிக்கிறது. போதாததற்கு, முதல் கியரில் மெதுவாக ஏறும்போது என்ஜினுக்கு வேலை ஜாஸ்தி, எதிர்க்காற்று குறைவு.

இதோடு அழுத்தம் என்று ஒரு விஷயம் இருக்கிறது. பிரஷர் குக்கரை ஆளும் உங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கொடைக்கானல் உயரத்தில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே திறந்த பானையில் பருப்பு வேகாமல் அடம் பிடிப்பது இதனால்தான். குக்கருக்குள் அழுத்தம் இருப்பதால் கொதிநிலை 120 டிகிரி வரை ஏறுகிறது. இன்றைய வண்டிகளின் ரேடியேட்டர் மூடியும் ஏறக்குறைய குக்கரின் வெயிட்டைப் போன்றதே. அதன் மேல் 0.9 அல்லது 1.1 என்று எண் போட்டிருக்கும். உள்ளே எவ்வளவு அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பதன் கணக்கு அது. ஊசி முனை அளவு ஒழுக்கு இருந்தாலும் அந்த அழுத்தம் நிற்காது. சமவெளியில் சாதுவாக இருந்த தண்ணீர், பாதி மலையில் கொதிக்க ஆரம்பித்துவிடும். ஆகவே, ஒழுக்கைக் கீழேயே கண்டுபிடித்துவிட வேண்டும்.

கண்டுபிடிக்க மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. இரவு வண்டியை நிறுத்தியதும் என்ஜினுக்கு அடியில் பழைய செய்தித்தாளையோ அட்டையையோ விரித்து வையுங்கள். காலையில் பாருங்கள். நிறமோ வாசனையோ இல்லாத தெளிந்த தண்ணீர் என்றால், அது ஏ.ஸி.யிலிருந்து சொட்டியது, கவலை வேண்டாம். கறுப்பும் பழுப்புமாகப் பிசுக்கென்று இருந்தால் எண்ணெய். பச்சை, ரோஜா, ஆரஞ்சு என்று நிறத்தோடும், லேசான இனிப்பு வாசனையோடும் இருந்தால் அதுதான் கூலன்ட். கறை எந்த இடத்தில் விழுந்திருக்கிறதோ அதற்கு மேலே தேடுங்கள்.

என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, மேல் குழாயையும் கீழ்க் குழாயையும் விரலால் அமுக்கிப் பாருங்கள். கனிந்த வாழைப்பழம் போல் கொழகொழத்தாலும், காய்ந்து வெடித்திருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். கிளிப்பைச் சுற்றி உப்புப் பூத்தாற்போல் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்திருந்தால் அங்கே கசிவு. தண்ணீர் பம்பின் அடிப்பக்கம் ஒரு சின்னத் துவாரம் உண்டு. அதில் சொட்டினால் துவாரத்தை அடைத்துவிடாதீர்கள்! உள்ளே சீல் போய்விட்டது என்று சொல்லத்தான் அந்த வழியை வைத்திருக்கிறார்கள். மூடியின் ரப்பர் வளையத்தையும் பாருங்கள். குக்கரின் காஸ்கெட்டைப் போல் அதுவும் தேய்ந்து போகும். ஹீட்டர் உள்ள வண்டியில், முன் ஸீட்டின் அடியில் விரிப்பு நனைந்து இனிப்பு வாசனை வந்தால் ஒழுக்கு அங்கே இருக்கிறது.

வெளியே ஒரு சொட்டும் காணோம், ஆனாலும் குறைகிறது என்றால்? எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பால் விட்ட காபி நிறத்தில் நுரை இருக்கிறதா, புகை வெள்ளையாக வந்துகொண்டே இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் ஹெட் காஸ்கெட் போயிருக்கலாம். அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

பட்டறைக்குப் போனால், "ஒண்ணும் இல்லைங்கம்மா, தண்ணி மட்டும் ஊத்திக்கங்க" என்று சொல்பவரும் இருப்பார். "இல்லை தம்பி, பிரஷர் போட்டுப் பார்த்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள். ஆறிய ரேடியேட்டரின் வாயில் ஒரு கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் போட்டிருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்றுவார்கள். பத்து நிமிஷம் முள் அசையாமல் நின்றால் நல்லது. இறங்கினால், எந்த இடத்தில் ஈரம் துளிர்க்கிறது என்பது அநேகமாகக் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

குழாயும் கிளிப்பும் மூடியும் சில்லறைச் செலவு. பழைய ஜீப்பின் பித்தளை ரேடியேட்டரை ஈயம் வைத்துப் பற்றவைத்துவிடலாம். பிளாஸ்டிக் தொட்டி விரிந்து போனால் மாற்றுவதே மேல். ரேடியேட்டருக்குள் மஞ்சள் தூளைக் கொட்டுவது லாரிக்காரர்களின் பழைய கைவைத்தியம். தூள் ஊறிப் போய்ச் சின்ன ஓட்டையை அடைக்கும். பட்டறை வரை கொண்டு சேர்க்கவும் கூடும். ஆனால் அதே தூள் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். மஞ்சள் சாம்பாரிலேயே இருக்கட்டும்!

சரி செய்த பின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றாதீர்கள். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிகிற அதே சுண்ணாம்பு, ரேடியேட்டருக்குள்ளும் படியும். வண்டியோடு வந்த புத்தகத்தில் சொல்லியிருக்கும் கூலன்ட்டை, அதில் சொன்ன அளவுக்கு டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள். "நம் ஊரில் பனியா உறைகிறது, கூலன்ட் எதற்கு?" என்று கேட்கிறவர்கள் உண்டு. துருப் பிடிக்காமல் காப்பதும், கொதிநிலையை இன்னும் உயர்த்துவதும் அதன் வேலைகள்தாம்.

வழியிலேயே சூட்டு முள் ஏறிவிட்டால் ஏ.ஸி.யை நிறுத்துங்கள். ஓரமான, பத்திரமான இடத்தில் வண்டியை நிறுத்தி என்ஜினை அணையுங்கள். குழந்தைகளைத் தள்ளி உட்கார வையுங்கள். மூடியைத் தொடவே தொடாதீர்கள். ஆவி அடங்காத குக்கரை யாராவது திறப்பார்களா? இங்கே முகத்தில் பீறிடுவது அதே சூடுள்ள தண்ணீர். அரை மணியோ அதற்கு மேலோ ஆகட்டும். மேல் குழாயைக் கையால் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறிய பிறகுதான் மூடியைத் திருக வேண்டும். சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இரும்பே விரிசல் விட்டுவிடும்.

கடைசியாக, வீட்டில் குழந்தை இருக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான கூலன்ட்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம். நிறமோ ஷர்பத்தைப் போல, ருசியோ இனிப்பு. கொஞ்சம் உள்ளே போனாலும் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுத்து, உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மீதிக் கூலன்ட்டைக் குடிதண்ணீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஒருநாளும் ஊற்றி வைக்காதீர்கள். தரையில் சிந்தினால் உடனே துடைத்துக் கழுவிவிடுங்கள். நாயும் பூனையும் நக்கும். குழந்தை குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, கை வைத்தியம் செய்து கொண்டிருக்காமல், டப்பாவையும் எடுத்துக் கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கோடை விடுமுறைக்கு மலைக்குப் போகத் திட்டம் போட்டிருக்கிறீர்களா? புளியோதரைக்குப் புளி கரைக்கிற அன்று ராத்திரியே வண்டிக்கு அடியில் ஒரு செய்தித்தாளை விரித்துவிடுங்கள். காலையில் அது காய்ந்து கிடந்தால், தைரியமாக மூட்டையைக் கட்டலாம். நனைந்து கிடந்தால் பிரயாணம் இரண்டு நாள் தள்ளிப் போகட்டும். சிறுமலை எங்கேயும் ஓடிப் போய்விடாது!