மஞ்சள் கயிறும் எட்டாம் விதியும்

ஆடிப் பதினெட்டன்று திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் கால் வைக்க இடமிருக்காது. ஈரப் படியில் வாழை இலை விரித்து, காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்து, மஞ்சளில் பிள்ளையார் பிடித்துப் படைத்து முடித்ததும், கூட்டத்தில் மூத்த பெண் மஞ்சள் தடவிய நூலை எடுத்து ஒவ்வொருவருக்காகக் கட்டிவருவார். பாவாடை கட்டிய சிறுமிக்கும் உண்டு, பேரன் எடுத்த பாட்டிக்கும் உண்டு. மணமானவரா, ஆகாதவரா என்று அந்தக் கயிறு கேட்பதில்லை.

இந்தக் காவிரி புறப்படும் குடகில் பிறந்த ஒரு பெண்ணிடம் இந்திய அரசு அதைக் கேட்டது. விதியாகவே எழுதி வைத்துக்கொண்டு கேட்டது. இந்த ஆடி இதழில் அவரைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

சி.பி. முத்தம்மா 1924இல் விராஜ்பேட்டையில் பிறந்தார். அன்றைக்குக் குடகு தனி மாகாணம். 1956இல் மைசூருடன் சேரும்வரை தனக்கென்று நிர்வாகம் வைத்திருந்த மிகச் சிறிய பகுதி. வனத்துறை அதிகாரியான தந்தை, முத்தம்மாவுக்கு ஒன்பது வயதிருக்கும்போது இறந்துபோனார். நான்கு பிள்ளைகளையும் படிக்கவைத்தே தீருவது என்று தாய் நின்றார். மடிக்கேரியில் பள்ளிப்படிப்பை முடித்த மகள் சென்னைக்கு வந்து, மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பட்டமும் மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலையும் பெற்றார்.

1948இல் குடிமைப் பணித் தேர்வில் வென்றார். நேர்முகத்தில் இருந்தவர்கள், வெளியுறவுப் பணி பெண்ணுக்குச் சரிப்படாது என்று அவரைத் திருப்பிவிடப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. 1949இல் அந்தப் பணியில் முதல் பெண்ணாகச் சேர்ந்தபோது, திருமணம் செய்துகொண்டால் வேலையை விட்டு விலகுவதாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவர் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. பிறகு 1961ஆம் ஆண்டின் நடத்தை விதிகளில் எட்டாம் விதி இதையே சட்டமாக்கியது: பெண் அதிகாரி மணம் செய்துகொள்வதற்கு முன் அரசிடம் எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சலாகும் என்று அரசு கருதினால், மணத்துக்குப் பின் அவரை ராஜினாமா செய்யச் சொல்லலாம். மணமான பெண்ணுக்கு இந்தப் பணியில் சேர உரிமை கிடையாது என்று இன்னொரு விதியும் இருந்தது. ஆணுக்கு இப்படி ஒரு வரிகூட இல்லை.

1970இல் முத்தம்மா ஹங்கேரிக்குத் தூதரானார். விஜயலட்சுமி பண்டிட் அவருக்கு முன்பே தூதராக இருந்தவர்தான். ஆனால் அது அரசியல் நியமனம். தேர்வெழுதிப் படிப்படியாக ஏறி அந்த இடத்துக்கு வந்த முதல் இந்தியப் பெண் முத்தம்மாவே. பிரிட்டன் தன் முதல் பெண் தூதரை டென்மார்க்குக்கு அனுப்பியது 1976இல்தான். பின்னாளில் அவர் கானாவிலும் நெதர்லாந்திலும் தூதராக இருந்தார். ஓலோஃப் பால்மே தலைமையிலான ஆயுதக் குறைப்பு ஆணையத்தில் இந்திய உறுப்பினராகவும் பணியாற்றினார்.

எங்கள் பார்வையில் இந்தப் பதவிகளைவிடப் பெரியது அவர் போட்ட வழக்கு. தன்னைவிட இளையவர்கள் முதல் நிலைக்கு உயர, தனக்கு அது மறுக்கப்பட்டதும், பணியில் இருந்துகொண்டே உச்ச நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்தார். வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் அரசு அவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டது. 1979 செப்டம்பரில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். மணத்தால் வரும் சிக்கல் ஆண் அதிகாரிக்கும் வரும், குடும்பப் பாரம் அவனுக்கும் உண்டு, பெண்ணுக்கு மட்டும் ஏன் விதி என்று அவர் கேட்டார். முத்தம்மாவின் பணிமூப்பை மறுபரிசீலனை செய்யச் சொன்னார். மனு தள்ளுபடி, ஆனால் பிரச்சினை தள்ளுபடி ஆகவில்லை என்று சொல்லி முடித்தார். மணமான பெண்ணைத் தடுத்த விதி 1973லேயே நீக்கப்பட்டிருந்தது. எட்டாம் விதியையும் நீக்குவதாக அரசு அந்த வழக்கில் உறுதி கொடுத்தது.

குடும்பப் பொறுப்பு! நம் ஊர் நடவு வயலில், வரப்போரத்து மரத்தில் தூளி கட்டிக் கைக்குழந்தையைப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்குகிறாள் ஒருத்தி. பிள்ளை அழுதால் கரையேறிப் பால் கொடுத்துவிட்டு மறுபடி நாற்றைக் கையில் எடுக்கிறாள். பிள்ளை இருக்கிறதே, வேலை ஓடுமா என்று அவளிடம் எந்தப் பண்ணையும் கேட்டதில்லை. அவள் மகள் படித்து, ஒரு நாற்காலிக்கு முன்னால் போய் நிற்கும்போதுதான் அந்தக் கேள்வி முளைக்கிறது. எங்கள் வாசகி ஒருவர், முதுகலை முடித்தவர், சென்ற ஆண்டு விரிவுரையாளர் வேலைக்கான நேர்முகத்துக்குப் போய்வந்தார். பாடத்தைப் பற்றி இரண்டு கேள்விகள். கல்யாணம் எப்போது, மாப்பிள்ளை எந்த ஊர், குழந்தை பிறந்தால் யார் பார்ப்பார்கள் என்று அதற்குமேல் மூன்று. விதி ஏட்டிலிருந்து போய்விட்டது; மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களின் வாயிலிருந்து இன்னும் போகவில்லை.

முத்தம்மா 2009 அக்டோபர் 14 அன்று, ஐப்பசி பிறக்கச் சில நாட்களே இருந்த நேரத்தில், பெங்களூரில் காலமானார்.

அந்தத் தீர்ப்பு சில பக்கங்களே கொண்டது. வேலைக்குப் போகிற, போகப்போகிற நம் பெண்கள் அதைத் தமிழில் படிக்க வேண்டும். கும்பகோணம், தஞ்சை, மயிலாடுதுறை நீதிமன்றங்களில் வழக்காடும் நண்பர்களில் யாராவது மொழிபெயர்த்துத் தாருங்கள். ஐப்பசி இதழின் நடுப்பக்கங்களை அதற்காக ஒதுக்கி வைத்திருக்கிறோம்.