எலெக்ட்ரிக் கிதாரில் கமகம்: ஹென்ட்ரிக்ஸை நம்ம ஊர் தாளத்துக்கு அழைத்து வந்த பிரசன்னா... காரைக்குடி வீணை சொல்லும் பாடம் என்ன?

ஐஐடி-யில் படித்தவர், கையில் எடுத்ததோ கிதார். வாசிப்பது கர்நாடக இசை, கொண்டாடுவது அமெரிக்க ராக் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸை! 'கிதார்' பிரசன்னாவின் பயணத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். ஆனால் இதற்குள் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. ஒரு வாத்தியம் எப்போது 'நம்ம வாத்தியம்' ஆகிறது?

சைக்கடெலிக் ராக் என்றால் என்ன?

1960-களின் நடுவில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உருவான ராக் இசை வகை இது. கனவில் மிதப்பது போன்ற உணர்வைத் தரும் ஒலிகள், நீண்ட கிதார் வாசிப்பு, ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் கருவிகள் ஆகியவை இதன் அடையாளம். அந்தக் காலத்துப் போதைப்பொருள் கலாசாரத்தோடு இதற்குத் தொடர்பு உண்டு. இந்திய சிதார் இசையின் தாக்கமும் உண்டு.

யார் இந்த ஹென்ட்ரிக்ஸ்?

1942-ல் சியாட்டிலில் பிறந்தவர். கொஞ்ச காலம் ராணுவத்தில் பாராசூட் வீரர். இடது கைக்காரர் என்பதால், வலது கை கிதாரைத் தலைகீழாகத் திருப்பி வாசித்தார். 1966-ல் லண்டன் போனதும் வாழ்க்கையே மாறியது.

1967-ல் மான்டெரி இசை விழாவில் தன் கிதாரையே தீ வைத்து எரித்தார். அதே விழாவில் வாசித்த சிதார் மேதை ரவிசங்கருக்கு அது பிடிக்கவில்லை. வாத்தியத்தைத் தெய்வமாக வணங்கும் மரபில் வந்தவராச்சே!

1970 செப்டம்பரில் தூக்க மாத்திரைகளை அளவுக்கு மீறி உட்கொண்ட நிலையில் ஹென்ட்ரிக்ஸ் இறந்தார். வயது 27. புகழ் வெளிச்சத்தில் அவர் இருந்தது வெறும் 4 ஆண்டுகள்தான்.

பிரசன்னா என்ன செய்தார்?

ராணிப்பேட்டையில் பிறந்தவர். சென்னை ஐஐடி-யில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்தார். வயலின் கலைஞர் ஏ.கன்யாகுமரியிடம் கர்நாடக இசை கற்றார். பிறகு அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரி. நல்ல வேலை காத்திருக்கும் படிப்பை விட்டுவிட்டு இசைக்குப் போவது, நடுத்தரக் குடும்பங்களில் இன்றைக்கும் லேசான முடிவில்லை.

2006-ல் 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' ஆல்பத்தை வெளியிட்டார். 1968-ல் வந்த ஹென்ட்ரிக்ஸின் 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்' பெயரை நம்ம பிள்ளையாரோடு சேர்த்த குறும்பு அது. ராக் கிதாரோடு தென்னிந்தியத் தாள வாத்தியங்களும் அதில் கைகோத்தன. 2009-ல் ஆஸ்கர் வென்ற 'ஸ்மைல் பிங்கி' ஆவணப்படத்துக்கும் இசை இவர்தான்.

காரைக்குடி எங்கே வருகிறது?

கமகம்தான் கர்நாடக இசையின் உயிர். ஸ்வரம் அசையாமல் நின்றால் ராகம் வராது. வீணையில் மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அந்த அசைவைக் கொண்டுவருவார்கள். ஹென்ட்ரிக்ஸ் தந்தியை வளைத்ததும் கிட்டத்தட்ட இதே உத்திதான். நோக்கம் மட்டும் வேறு.

இந்த வித்தையில் பெயர் பெற்றது காரைக்குடி பாணி. சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் என்ற 'காரைக்குடி சகோதரர்கள்' செட்டிநாட்டு ஊரின் பெயரை இசை உலகில் நிலைநிறுத்தினார்கள். மூத்தவர் வீணையை நிமிர்த்தி வைத்தே வாசித்தார். இளையவருக்கு 1952-ல் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது.

ஆனால் கிதாரின் மெட்டுகள் வீணைக்குப் பொருத்தியவை போல இல்லை. தந்தியை அவ்வளவு தூரம் இழுக்கவும் முடியாது. அதனால் இழுப்போடு, விரலைத் தந்தியில் வழுக்கியும் கமகத்தைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. பிரசன்னாவுக்கு முன்பே சுகுமார் பிரசாத் கிதாரில் இந்த முயற்சியைத் தொடங்கியிருந்தார்.

இனி என்ன?

வயலினும் வெளியிலிருந்து வந்ததுதான். இன்று அது இல்லாத கச்சேரி அபூர்வம். மாண்டலினுக்கு யு.ஸ்ரீநிவாஸ், சாக்ஸபோனுக்கு கத்ரி கோபால்நாத் வழி திறந்தார்கள். ஆனால் மேதை போன பிறகும் வாத்தியம் மேடையில் நிற்க, அடுத்த தலைமுறை மாணவர்கள் வேண்டும். கிதாருக்கு மட்டுமல்ல, சபாக்களில் தனிக்கச்சேரி வாய்ப்பு குறைவு என்று ஆதங்கப்படும் வீணைக் கலைஞர்களுக்கும் இதே கவலைதான். கிதார் வகுப்புக்குப் போகும் பிள்ளை ஒரு நாள் காரைக்குடி வீணையையும் கேட்டால், லாபம் இரண்டுக்குமே!