தோளில் மார்ட்டர் வைத்தால் முழங்கால் தாங்குமா?

"படிக்கிற வயசில் பகடை உருட்டிக் கற்பனைப் போர் விளையாடுதுங்க" என்று எங்கள் மேற்கு மாம்பலம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் புலம்பும் பெரியவர்களுக்கு இந்தப் பதிவு.

பையன்கள் வடிவமைப்பது விசையால் இயங்கும் இரும்புக் கவசம். தோளில் ஒரு மார்ட்டர். (மோட்டார் என்று படித்துவிடாதீர்கள். ஈழத் தமிழர் எறிகணை என்கிறார்களே, அதை ஏவும் குழாய்.)

இதில் படிப்பு இல்லையா? 81 மி.மீ. மார்ட்டர் குண்டு சுமார் 4 கிலோ. நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் கிளம்புவதாக வையுங்கள். 1.2 மீட்டர் குழாய்க்குள் அந்த வேகம் வர வேண்டுமென்றால் சராசரி விசை ஏறத்தாழ 67,000 நியூட்டன். அதாவது ஆறே முக்கால் டன் எடை ஒரு கணம் தோளில் இறங்குகிறது! அதனால்தான் நிஜ மார்ட்டருக்கு அடித்தட்டு உண்டு. உதையைத் தரை வாங்கிக்கொள்ளும். நம் ஆவடியில் சி.வி.ஆர்.டி.இ. இதே மார்ட்டரை ஒரு வண்டியில் ஏற்றியபோது தேர்ந்தெடுத்தது 14 டன் பி.எம்.பி.-2.

பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடமே இயக்க விதிகள். மூன்றாம் விதியை ஒப்பித்து முழு மார்க் வாங்கியவர்களில் எத்தனை பேர் இந்தக் கணக்கைப் போட்டிருப்பார்கள்? மாடியில் ஒரு பையன் போட்டான். சுடுவதற்கு முன் கவசம் மண்டியிட்டு, முதுகுத் தட்டைத் தரையில் ஊன்ற வேண்டும், அதற்கு ஒரு சுற்று ஆட்டத்தை இழக்க வேண்டும் என்று விதியும் எழுதினான். 'சேதம் 6 பகடை' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகும் சோம்பேறி விதிப்புத்தகங்களைவிட இது எவ்வளவோ மேல்.

சிலப்பதிகாரத்தில் மதுரை மதில்மேல் தானே வளைந்து எய்யும் வில், கல் வீசும் கவண், குரங்கு வடிவப் பொறி எல்லாம் வருகின்றன. அதைச் சொல்லி மேடையில் மார்தட்டுவோம். பேரன் ஒரு பொறி வரைந்தால் நோட்டைப் பிடுங்குவோம். இது என்ன நியாயம்?

போரை விளையாட்டாக்கலாமா என்று கேட்டால் அது வேறு. எறிகணைக்குப் பயந்து பதுங்குகுழியில் கிடந்தவர்கள் இந்தச் சென்னையிலேயே வாழ்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பையன்களிடம் பேசத்தான் வேண்டும். ஆனால் குழுவில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை ஐயா. கேட்டதெல்லாம் மார்க்.

மாடிச் சாவியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். 60 டிகிரியில் சுட்டால் கவசம் எவ்வளவு பின்னால் தள்ளப்படும் என்ற கணக்கு பாதியில் நிற்கிறது.