ரிப்பன் மாளிகையிலிருந்து கோட்டைக்கு

நகராட்சி நிர்வாகத் துறை அமைச்சர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை மேயராக இருந்து மாநில ஆட்சிக்கு உயர்ந்தவர்களில் மு.க.ஸ்டாலின் அளவுக்கு உயரம் தொட்டவர் வேறு யாருமில்லை. 1996 அக்டோபரில் மேயர், 2006 மே மாதத்தில் உள்ளாட்சித் துறை அமைச்சர், 2009 மே 29 அன்று துணை முதலமைச்சர், 2021 மே 7 அன்று முதலமைச்சர். மேயர் அங்கியைக் கழற்றிய பிறகு கோட்டையில் அவருக்குக் கிடைத்த முதல் பொறுப்பில் நகராட்சி நிர்வாகமும் அடக்கம். ஆகவே அந்தப் பயணத்தின் கதையில் இந்தத் துறைக்கும் ஒரு பங்கு உண்டு. அது முழுக்கப் பெருமைக்குரிய பங்கு அல்ல.

அரசியலில் அவர் புதியவராக ரிப்பன் மாளிகைக்குள் நுழையவில்லை. 1976இல் மிசா கைதியாகச் சென்னை மத்திய சிறையில் இருந்தவர். அங்கே அவர் மேல் விழுந்த அடிகளைத் தாம் வாங்கிக்கொண்டு, அதனால் பின்னர் உயிரிழந்த சிட்டிபாபுவும் சென்னையின் முன்னாள் மேயர்தான். ஆயிரம்விளக்கு தொகுதியில் 1984இல் தோற்று, 1989இல் வென்று, 1991இல் மறுபடி தோற்று, 1996இல் மீண்டும் வென்றார். இரண்டு வெற்றிகளின்போதும் தந்தை கருணாநிதியே முதலமைச்சர். இரண்டு முறையும் மகனுக்கு அமைச்சர் பதவி தரப்படவில்லை. 1996இல் கிடைத்தது மேயர் வேட்பாளர் வாய்ப்பு.

அந்தத் தேர்தலுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 1959இல் சென்னை மாநகராட்சியைக் கைப்பற்றிய தி.மு.க., எட்டே ஆண்டுகளில் கோட்டையைப் பிடித்தது. அந்தக் கட்சிக்கு மாநகராட்சிதான் முதல் படிக்கட்டு. அதே மாநகராட்சி மன்றம் 1973இல் கலைக்கப்பட்டது. அதன் பிறகு 23 ஆண்டுகள் தேர்தலே இல்லை, தனி அதிகாரிகளின் ஆட்சிதான். அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்த பின்னரே நிலைமை மாறியது. 1996இல் வாக்காளர் கையில் கவுன்சிலருக்கு ஒரு சீட்டும் மேயருக்கு ஒரு சீட்டுமாக இரண்டு சீட்டுகள் வந்தன. முன்பெல்லாம் கவுன்சிலர்கள் ஆண்டுக்கொருவரை மேயர் ஆக்குவார்கள். சங்கிலியும் அங்கியும் பழகுவதற்குள் பதவி முடிந்துவிடும். நகரம் முழுவதும் வாக்களித்து ஐந்தாண்டுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்தது அப்போதுதான்.

'சிங்காரச் சென்னை' என்ற முழக்கமும் அப்போது பிறந்ததே. பீட்டர்ஸ் சாலை, பாந்தியன் சாலை என்று மாநகராட்சி கட்டிய ஒன்பது மேம்பாலங்கள் அந்த மேயரின் அடையாளமாயின. இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். குடிநீர் தனி வாரியத்திடம், நகரத் திட்டமிடல் சி.எம்.டி.ஏ.விடம், பேருந்து போக்குவரத்துக் கழகத்திடம் இருக்கின்றன. மாநகராட்சியின் நிர்வாக அதிகாரமோ மாநில அரசு நியமிக்கும் ஆணையர் கையில். இந்த அமைப்பில் ஒரு மேயர் இவ்வளவு வேகமாக வேலை நடத்த முடிந்தது என்றால், கோட்டையில் இருந்தது அவருடைய கட்சி, அவருடைய தந்தை. பதவியின் பலம் மட்டும் அதற்குப் போதுமானதாக இருந்திருக்காது.

கோட்டையில் ஆள் மாறியதும் அது தெரிந்துவிட்டது. 2001 மே மாதம் ஆட்சி மாறியது. ஜூன் 30 அதிகாலையில் அதே மேம்பாலங்களைக் காரணம் காட்டிக் கருணாநிதி கைதானார். மேயரும் கைதானார். வழக்கு தண்டனையில் முடியவில்லை. அக்டோபரில் மக்கள் மீண்டும் ஸ்டாலினையே மேயராக்கினார்கள். 2002இல் ஒருவரே இரண்டு மக்கள் பதவிகளை வகிக்கக் கூடாது என்று சட்டம் திருத்தப்பட்டது. கொள்கையளவில் குறை சொல்ல முடியாத திருத்தம்தான். ஆனால் அது யாரைக் குறிவைத்தது என்பதில் அன்று யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை. அவர் சட்டமன்ற இடத்தை வைத்துக்கொண்டு மேயர் பதவியை விட்டார்.

முரண் 2006இல் வந்தது. நேரடி வாக்கால் இருமுறை மேயரானவர் உள்ளாட்சி அமைச்சராக இருந்தபோதுதான் அந்த நேரடி வாக்கு நீக்கப்பட்டது. 2011 தேர்தலுக்கு முன் அ.தி.மு.க. ஆட்சி அதைத் திரும்பக் கொண்டுவந்தது. 2016இல் அதே ஆட்சி நீக்கியது, 2018இல் மீட்டது, 2019 நவம்பரில் அவசரச் சட்டத்தால் மறுபடி நீக்கியது. எதிர்க்கட்சியாக இருந்தபோது அதைக் கண்டித்த தி.மு.க., 2021இல் ஆட்சிக்கு வந்ததும் அதை அப்படியே விட்டுவைத்து, 2022 பிப்ரவரியில் தேர்தலை நடத்தியது. இத்தனை திருத்தங்களிலும் நகரவாசி கேட்டுச் செய்தது ஒன்றுமில்லை.

கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தால் மேயர் வளரவே முடியாது என்பதும் சரியன்று. 2006இல் அவ்வாறு வந்த மா.சுப்பிரமணியன் 2021இல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரானார். 2022 மார்ச் 4 அன்று போட்டியின்றி மேயரான ஆர்.பிரியா, 28 வயதில், பட்டியல் சாதியிலிருந்து அப்பதவிக்கு வந்த முதல் பெண். அன்று மன்றக் கூடத்தில் சிவப்பு அங்கியும் வெள்ளிச் செங்கோலுமாக அவர் நின்ற காட்சியை மாநிலமே பார்த்தது. ஆனால் அவர் பெயரைச் சென்னை வாக்காளர் எந்த வாக்குப்பதிவு எந்திரத்திலும் மேயர் வேட்பாளர் என்ற தலைப்பின் கீழ் பார்த்ததில்லை. மேயர் யார் என்பதைக் கட்சித் தலைமை அறிவித்தது, மன்றம் ஏற்றது. அடுத்த படிக்கு அவரை ஏற்றுவதும் நிறுத்துவதும் அதே தலைமைதான். நேரடியாக வென்றவருக்கு மட்டுமே தன் பெயரில் ஒரு வாக்குக் கணக்கு மிஞ்சும்.

2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடியும். துறையிடம் வைக்கப்படும் கோரிக்கை இரண்டு. மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சட்டமன்றத்தில் விவாதித்து, அவசரச் சட்டமாக அல்லாமல், தேர்தல் அறிவிப்புக்குப் போதிய காலம் முன்பே நிறைவேற்ற வேண்டும். கூடவே ஆணையரின் ஆண்டுப் பணி மதிப்பீட்டில் மேயரின் கருத்துக்கும் இடம் தர வேண்டும். இரண்டாவது இல்லாமல் முதலாவது மட்டும் வந்தால், மேம்பாலம் கட்டுவதற்கு அடுத்த மேயரும் கோட்டையில் உறவு தேட வேண்டியிருக்கும்.